நான் படியில் விழவில்லை

மக்கா, இதை நீ இப்போது படிக்க முடியாது. உனக்கு ஆறு வயது. எழுத்துக்கூட்டிக் கடைப் பலகை வாசிப்பாய், அவ்வளவுதான். நேற்று உன்னையும் உன் அம்மாவையும் திருவனந்தபுரத்தில் மஸ்கட் விமானத்துக்கு ஏற்றிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ வளர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அந்த அட்டையில் இருக்கும் உன் படம் உனக்கே பிடிக்காமல் போகும் நாளில் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். அதனால் இப்போதே உன்னை ஒரு பெரிய ஆளாக வைத்துத்தான் பேசப் போகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. உன் அம்மா இதை என் பெரிய குறை என்பாள். ஒரு நட்டு இறுகியிருக்கிறது என்றால் இறுகியிருக்கிறது, லூசாக இருக்கிறது என்றால் லூசாக இருக்கிறது, இதில் எங்கே இனிமையாகச் சொல்ல இடம் இருக்கிறது என்று கேட்பேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும் வண்டி எங்காவது மோதி, அல்லது ஏதாவது வண்டி உன்மேல் மோதி, நீ உயிரோடு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால், டாக்டர் ஒருவர் வந்து எப்படி ஆச்சு என்று கேட்பார். நடந்ததைச் சொல். உன் வாயால் நீயே சொல். கடிதம் அவ்வளவுதான். மற்றதெல்லாம், அந்த ஒரு கேள்விக்கு நான் நடந்ததைச் சொல்லாமல் போனதால் என்ன ஆனது என்கிற விவரம். நேரம் இருந்தால் படி. நேரம் இல்லையென்றாலும் படி.

அப்போது எனக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் வேலை. டிப்ளமோ முடித்ததும் சேர்ந்தேன். கோபுரத்துக்கு உள்ளே செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி போகும். இடுப்பில் பெல்ட்டை மாட்டி அதில் ஏறி, மேலே இறக்கைக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் போய் கியரையும் ஜெனரேட்டரையும் பார்ப்போம். பெட்டியின் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தோவாளை வயல், தூரத்தில் ஒரு கோடாகக் கடல். அந்தக் காற்றில் மனிதன் பேசுவது அவனுக்கே கேட்காது. எனக்கு அது பிடித்திருந்தது. உன்னை ஒரு நாள் அங்கே கூட்டிப் போய்க் கீழே நிற்கவைத்து, மேலேயிருந்து கை காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். உனக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அடுத்த காற்றுக் காலத்துக்குள் என்று நாள் தள்ளிக்கொண்டே போனேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மாவின் தம்பி அஜினுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது, விசா மட்டும் வரவேண்டும். போவதற்கு முன் எல்லோருமாக ஒரு நாள் வெளியே போகலாம் என்று முட்டம் கடற்கரைக்குப் போனோம். வண்டி உன் அம்மாவின் அப்பாவுடையது. அஜின் ஓட்டினான். நான் முன்னால் இடது பக்கம். நீயும் அம்மாவும் பின்னால். பாறைமேல் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றோம். லைட் ஹவுஸில் விளக்கு சுற்ற ஆரம்பித்ததும் நீ இன்னும் இரு இன்னும் இரு என்று அழுதாய், உன்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மணவாளக்குறிச்சி தாண்டி வரும்போது அஜினுக்கு போன் வந்தது. ஏஜென்ட். விசா அடித்தாகிவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறான். போன் அவன் மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்தான். "வண்டிய ஓரமா நிறுத்திட்டு எடுலே" என்று உன் அம்மா சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. அவன் நிறுத்தவில்லை. ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் என் பக்கம் வந்து மோதியது.

உனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அம்மாவுக்குத் தோளில் வலி, அஜினுக்கு ஒன்றுமில்லை. என் இடது முழங்கால் நசுங்கிய முன் பலகைக்குள் சிக்கியிருந்தது. எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்து கதவை நெம்பி என்னை எடுத்தார்கள். யாரோ நூற்றெட்டு ஆம்புலன்சுக்கு அடித்தார். அஜின் அவன் அப்பாவுக்கு அடித்தான். அடுத்து நடந்ததை நன்றாகக் கவனி, நம் ஊரில் எல்லோரும் செய்வது இதுதான். நூற்றெட்டு வந்தால் போலீசுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரிந்தால் கேஸ், கேஸ் என்றால் வெளிநாடு போகிறவனுக்குப் போலீஸ் சர்டிபிகேட் கிடைக்காது. இந்தச் சங்கிலி இங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். உன் தாத்தா திங்கள்நகரிலிருந்து தெரிந்தவர் வண்டியில் வந்து சேர்ந்தார். நூற்றெட்டை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஒரு வண்டியில் என்னை ஏற்றினார்கள். இன்னொரு வண்டி வந்து இடித்த காரைக் கட்டி இழுத்துப் போய்விட்டது. அரை மணி கழித்து அந்தப் பாலத்தில் கொஞ்சம் கண்ணாடித் தூளைத் தவிர எதுவும் இல்லை.

நான் என்ன வேலை செய்தவன் தெரியுமா? ஒரு கியர் உடைந்தால், எந்தப் பல் எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்று படம் எடுக்காமல் ஸ்பேனர் வைத்தவனை எங்கள் சூப்பர்வைசர் அப்படியே கீழே இறக்கிவிடுவார். அந்த நான், என் கால் உடைந்த இடத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லவில்லை. நீ அப்படி இருக்காதே. வண்டியை அசைக்கும் முன்னால் நாலு பக்கமும் படம் எடு. உன்னால் முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடு. நம்பர் பலகை, சக்கரத் தடம், மோதிய இடம், எல்லாம் ஒரே படத்தில் தெரியட்டும். உன்னைத் தூக்கியவர்களில் இரண்டு பேருடைய பெயரும் போன் நம்பரும் வாங்கு. டீக்கடையில் நின்ற அந்த மனிதர்களின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. பின்னால் அவர்களைத் தேடிப் போனேன். கடை கைமாறி செல்போன் கடை ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் அது முடிவானது. என் தலை உன் அம்மா மடியில். முன் சீட்டிலிருந்து தாத்தா திரும்பிக் குனிந்து மெதுவாகப் பேசினார். அஜின் பயந்து நடுங்குகிறான், அத்தானுக்கக் காலைப் பிடிச்சுக் கேக்கேன்னு சொல்லுகான், அவனுக்க வாழ்க்கையே உங்க கைல இருக்கு மருமவனே என்றார். மாடிப்படியில் வழுக்கி விழுந்தது என்று சொன்னால் போதும், செலவெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் ஒரு மனிதனுக்கு யாராவது எதையாவது முடிவு செய்து கொடுத்தால் போதும் என்று இருக்கும். நான் தலையாட்டினேன்.

டாக்டர் என் வயதுக்காரர். எப்படி ஆச்சு என்றார். தாத்தா பதில் சொல்லத் தொடங்கினார். "நீங்க இருங்க, அவரு சொல்லட்டு" என்றார் டாக்டர். படியில் வழுக்கினேன் என்று சொன்னேன். அவர் என் தலைமுடிக்குள் கைவிட்டு ஒரு கண்ணாடித் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் படிய கண்ணாடில கட்டியிருக்கியளா?"

ரோட்டில் நடந்த விபத்து என்றால் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியது தன் வேலை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று இன்னொரு முறையும் கேட்டார். அந்த மனிதர் எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், அது எனக்கு இப்போது தெரிகிறது. படிதான் என்றேன். எழுதிவிட்டுப் போனார். மக்கா, அந்த ஒரு வரி எழுதுவதற்கு அவருக்கு எடுத்த நேரத்தில் ஒரு தீக்குச்சிகூட எரிந்து முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் முதலில் எழுதியதுதான் அப்புறம் எல்லோருக்கும் உண்மை. போலீஸ் அதைத்தான் பார்க்கும், இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் பார்க்கும், கோர்ட் அதைத்தான் முதலில் பார்க்கும். எலும்பு பேசாது. காகிதம்தான் பேசும்.

தட்டும் திருகாணியும் வைத்துக் காலைப் பூட்டினார்கள். குவைத் போவதற்கு முன்னால் அஜின் ஒரு முறை பார்க்க வந்தான். கட்டில் ஓரமாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன் அத்தான் என்றான். அவன் கேட்டதை நான் செய்துகொடுத்தேன், அதற்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன். பெரிய மனசோடு, சும்மா போலே என்றேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள். திரும்ப வருகிறேன்.

தாத்தா சொன்ன சொல் தவறவில்லை, முதல் ஆப்பரேஷன் செலவை அவர்தான் பார்த்தார். ஆனால் கால் மடங்கவில்லை. எலும்பு சேர்ந்த விதம் சரியில்லை, திறந்து மறுபடி செய்ய வேண்டும் என்றார்கள். வேலைக்குத் திரும்பும் முன் உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டா என்று கம்பெனியில் ஒரு சோதனை உண்டு. ஏணியில் ஏறிக் காட்ட வேண்டும். கோபுரத்தில் முதல் தட்டுக்குக்கூட நான் போகவில்லை. இடது கால் அடுத்த கம்பிக்கு வர மறுத்தது. கையால் காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். கீழேயிருந்து சூப்பர்வைசர், "போதும் மக்கா, இறங்கு" என்றார். அவர் யாரையும் மக்கா என்று கூப்பிடுகிறவர் இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மேலே போகிறவர்கள் என்னிடம் வந்து சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆப்பரேஷன் என்று மறுபடி சொன்னபோது தாத்தா வீட்டில் பேச்சு மாறியது. பாப்போம் என்றார்கள். ஆயுர்வேதம் பார்க்கலாமே என்றார்கள். அப்போதுதான் நாகர்கோவில் கோர்ட் பக்கம் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். என் கதையை முழுக்கச் சொல்ல விடவில்லை. யாரு ஓட்டினா என்று கேட்டார். மச்சினன் என்றேன். வண்டி யாருக்க பேர்ல? மாமனார். ஆஸ்பத்திரில என்ன சொன்னிய? படி. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நம்ம ஊருல ஆக்சிடெண்டே நடக்கல பாத்துக்கிடுங்க. எல்லாரும் படிலதான் விழுகாவ. மாவட்டம் பூரா படிய இடிச்சுப் போட்டா ஒருத்தனுக்கும் எலும்பு முறியாது."

பிறகு அவர் சொன்னதை உனக்கு அப்படியே தருகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால் உள்ளே இருந்தவனுக்கும் நஷ்டஈடு உண்டு. அதைக் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி, மாமனார் இல்லை. அதற்காகத்தான் வருஷா வருஷம் கட்டுகிறார்கள். ஓட்டியவன்மேல் போலீஸ் போடுவது தனி வழக்கு, நஷ்டஈடு கேட்பது தனி வழக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம், நீ படிக்கும்போது மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் எறியாதே. வேலையில் என்ன செய்துகொண்டிருந்தாய், இப்போது என்ன முடியவில்லை என்பதை வேலை கொடுத்தவர்களிடமே எழுதி வாங்கு. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்று யாராவது வந்து நலம் விசாரித்து, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றால் போடாதே, வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடு. வெற்றுத்தாளில் எந்தக் காலத்திலும் போடாதே, உன் வக்கீலே கேட்டாலும்.

எனக்கு ஆறு மாதம் முடிய அதிக நாள் இல்லை. அன்று மாலையே உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திங்கள்நகருக்குப் போனேன். இங்கேதான் என் அவசர புத்தி வேலை செய்தது. உட்கார்ந்து ஒரு காப்பி குடித்திருக்கலாம். உன் அம்மாவிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சுவரில் தொங்கிய காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டேன். ஒரு கட்டத்தில் வண்டிக்காரர் என்று மாமா பெயர், ஒரு கட்டத்தில் கம்பெனி, ஒரு கட்டத்தில் நான். கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு அம்புக்குறி. வண்டிக்காரரிடமிருந்து எதுவும் வராது என்று காட்ட அந்தக் கட்டத்தின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. எனக்கு அது தெளிவான படம். தாத்தா அம்புக்குறியைப் பார்க்கவே இல்லை. தன் பெயர் எழுதிய கட்டத்தை மருமகன் அடித்துவிட்டான் என்பதைத்தான் பார்த்தார்.

"சொந்த மச்சினனுக்க மேலயா கேஸ் குடுக்கப் போறிய?"

"மாமா, காசு குடுக்கப்போறது கம்பெனி."

"கம்பெனியாம். சம்மன் எனக்க பேருக்குல்லா வரும்."

அதில் அவர் சொன்னது சரி. சம்மன் அவர் பெயருக்கும்தான் வந்தது. தபால்காரர் தெருவில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியதை அந்தத் தெருவே பார்த்தது. படத்தில் நான் அதைப் போடவில்லை. உன் அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, நான் யாருக்கப் பக்கம் நிக்க என்று கேட்டாள். இரண்டு பேரிடமும் சேர்த்துத்தான் கேட்டாள். நான், இதில் பக்கம் எங்கே இருக்கிறது, நடந்தது நடந்ததுதானே என்றேன். சரியான பதில்தான். சொல்லியிருக்கக் கூடாது.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கவே மாட்டோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் படி என்று இருக்கிறதே என்றார்கள். வக்கீலம்மா மேலதிகாரிக்கு எழுதிப் போட்டு, அலைய வைத்து, ஒரு வழியாகப் பதிவு ஆனது. அந்த வாரமே மனுவும் போட்டோம். அதே வாரம் உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. உன் சட்டைகளை மடித்தாள், உன் நீலக் குவளையை எடுத்தாள், சாவியை டிவிமேல் வைத்தாள்.

அதற்கப்புறம் இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வழக்கு போடுகிறவர்களுக்கு இதை எந்த வக்கீலும் சொல்ல மாட்டார். மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு வருவாள். மீனைக் கூறு வைத்துத்தான் விற்பாள். ஒரு கூறு சாளை மூன்று பேருக்குக் கணக்கு. எனக்குப் பாதிக் கூறு போதும் என்றேன். "பாதிக் கூற எங்க கொண்டு விக்க? பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு வாரும் போய்" என்றாள். அன்றிலிருந்து அவள் குரல் கேட்டால் வெளியே போவதில்லை. வடசேரி சந்தைக்குப் போய் ஒரு கத்தரிக்காய், இரண்டு வெண்டைக்காய் என்று எடுத்தால் கடைக்காரர் தராசில் வைக்காமலே கொடுத்துவிடுவார், அந்த இரக்கம் எனக்குப் பிடிக்காது. ராத்திரி போனில் உன்னோடு பேசுவேன். சாப்பிட்டியா என்பேன், ம் என்பாய். என்ன கறி என்பேன், ம் என்பாய். அம்மாவின் வளையல் சத்தம் பக்கத்தில் கேட்கும். அவளிடம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவளும் வாங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை என்னோடு அனுப்புவாள். முட்டத்துக்குத்தான் கூட்டிப் போவேன். அங்கே பாறைக்கு இறங்கும் படிகளில் நீ நிற்கவே மாட்டாய். உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டே இறங்குவாய். டிரவுசர் கிழிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் குதித்து ஓடுவார்கள். என் மகன் ஏன் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்கிறான் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். எழுந்து நட என்று அதட்டியும் இருக்கிறேன். நீ கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்ப்பாய், என் முகத்தைப் பார்க்க மாட்டாய்.

வழக்கு நடந்தது. நான் கூண்டில் ஏறிய அன்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? அப்போது சொன்னது பொய் என்றேன். அப்படியானால் நீங்கள் பொய் சொல்லக்கூடியவர், சரிதானே என்றார். சரிதான் என்றேன். வெளியே வந்ததும் வக்கீலம்மா தலையில் கை வைத்தார். பார்த்த சாட்சி ஒருத்தர் வேண்டும், உங்கள் மனைவிக்குச் சம்மன் போடுவோம், வண்டியை நிறுத்திட்டு எடு என்று அவர் சொன்னது ஒன்றே போதும் என்றார். நான் வேண்டாம் என்றேன். போட்டால் அவள் வந்திருப்பாள். வந்து, கூண்டில் நின்று, ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் நான் என்று அன்று அடுக்களை வாசலில் நின்ற மாதிரியே நின்றிருப்பாள். அவளை அதே இடத்தில் இன்னொரு முறை நிறுத்த எனக்கு மனம் இல்லை. வக்கீலம்மா, அப்போ தோத்துப் போகலாம் என்றார். தோற்கலாம் என்றேன்.

பிறகு அஜின் வந்தான். லீவில் வந்தவன், அவன்மேல் இருந்த போலீஸ் வழக்கில் தானாகப் போய், ஆமாம் நான்தான் ஓட்டினேன், போன் எடுக்கக் குனிந்தேன் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். ஒரு காலை நேர வேலை. எந்த ஒன்றுக்குப் பயந்து இத்தனையும் நடந்ததோ அது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அப்புறம் எங்கள் வழக்கிலும் வந்து அதையே சொன்னான். கோர்ட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது, உனக்கு இப்போதாவது தோன்றியதே என்று நான் கொஞ்சம் குத்தலாகச் சொன்னேன். அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"அத்தான், படின்னு நீங்களே தானாவே சொன்னதுதானே?"

"நீ காலப் பிடிச்சுக் கேட்டதா உங்கப்பா சொன்னாவ."

"நானா? நான் வண்டிக்கிட்டதான் நின்னேன். அத்தான் உனக்காவ தானாவே சொல்லிட்டாருன்னு அப்பா சொன்னாவ. அப்படிச் செஞ்ச மனுசன் பொறவு எதுக்குக் கேஸ் போட்டாருன்னு உங்க மேல எனக்கு எம்புட்டுக் கோவம் தெரியுமா?"

அவன் அழுததற்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் தானாகச் செய்யாத ஒன்றை அவனும், அவன் கேட்காத ஒன்றை நானும் இத்தனை காலம் சுமந்திருக்கிறோம். நடுவில் ஒரே ஒரு மனிதர், இரண்டு பேருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. தாத்தாமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் காரில் அவரைத் தள்ளிவைத்துவிட்டு, அஜினிடம் போனைக் கொடு, நான் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். உனக்காக இன்னொருத்தர் பேசினால், யாராக இருந்தாலும், அந்தப் பக்கம் நிற்பவரிடம் நேரே ஒரு முறை கேட்டுவிடு. கம்பெனியானாலும் சரி, மாமனாரானாலும் சரி.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வக்கீலம்மா நம்பிக்கையாக இருக்கிறார். அதற்குள் உன் அம்மாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை சரியாகிவிட்டது. உன்னையும் கூட்டிப் போய் அங்கே ஸ்கூலில் சேர்க்கப் போகிறாள். அஜின் சொன்னது அவளுக்குத் தெரியும். அதனால் திரும்பி வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் கணக்குப் போட்ட மாதிரி நடக்காது. ஏர்போர்ட்டுக்கு நீங்க வந்து ஏத்தி விடுங்க என்று மட்டும் போனில் சொன்னாள். தாத்தா வரமாட்டார் என்பதையும் அவள் சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

ஏர்போர்ட்டில் டாக்சியிலிருந்து இறங்கி உள்ளே போகும் வாசலுக்கு நடந்தோம். நடுவில் சில படிகள். அம்மா பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துச் சரிவு வழியாகத் தள்ளிக்கொண்டு மேலே போய்விட்டாள். நீயும் நானும் கீழே நின்றோம். நான் தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினேன். நீ வரவில்லை. ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். வா மக்கா, நேரம் ஆகுது என்று அதட்டினேன். அப்போதுதான் சொன்னாய்.

"ஓடினா அப்பா மாதிரி விழுந்துருவேன். கால் ஒடிஞ்சுரும். தாத்தா சொன்னாவ."

இரும்புக் கம்பியால் அடித்த மாதிரி இருந்தது. கோர்ட்டில் ஒரு பொய்யை எடுத்துப் போட இவ்வளவு பாடுபட்டேன், அது உனக்குள் போய் உட்கார்ந்து உன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. முட்டத்தில் உன்னை அதட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறந்தேன். ஆனால் மேலே நின்ற உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டாள். நான் சொன்னால் அது மறுபடி ஒரு கட்சியின் வாக்குமூலம். அதனால் பேசாமல் நின்றேன். மக்கா, என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்த ஒரே இடம் அது.

அவள் பெட்டி வண்டியை விட்டுவிட்டு இறங்கி வந்து உன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்பா படில விழல மக்கா. கார் இடிச்சு. மாமன் ஓட்டினது. நீ எனக்க மடில இருந்த. நான் பாத்தேன்."

நீ என்னைப் பார்த்தாய். என் காலை இல்லை, முகத்தை. ஆமாம் என்று தலையாட்டினேன். நீ கம்பியை விட்டாய். ஒரு படி ஏறிப் பார்த்தாய். பிறகு கடகடவென்று மேலே போனாய். அங்கிருந்து திரும்பி ஓடி இறங்கினாய், மறுபடி ஏறினாய், மறுபடி இறங்கினாய். பின்னால் பெட்டியோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். விமானத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. உன் அம்மா உன்னை அதட்டவில்லை. என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் போடாத சம்மன் அது. அவளாகவே வந்து, யாரும் கேட்காமல், ஆறு வயதுக் கோர்ட்டில் சொல்லிவிட்டாள். வேறு தீர்ப்பு என்ன வந்தாலும் வரட்டும்.

பிறகு நீங்கள் உள்ளே போனீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ திரும்பிக் கை காட்டினாயா என்று எனக்குத் தெரியவில்லை, வெளிச்சம் என் முகத்தையே காட்டியது. பஸ்ஸில் வந்தேன். களியக்காவிளை தாண்டியதும் தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாவி போட்டுத் திறந்தேன். உன் பழைய செருப்பு ஒன்று வாசலில் கிடக்கிறது, ஒன்றுதான், ஜோடியை எங்கே விட்டாய் என்று தெரியவில்லை. எடுத்து வைக்கவில்லை. கிடக்கட்டும்.

ஆறு வயதில் கேட்டது பெரியவனானால் மறந்துபோகும் என்பதால் எழுதிவைக்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் ஆகிவிட்டால், நடந்ததைச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடு. எந்த ஊரானாலும் வருவேன், படி இருந்தால் கொஞ்சம் நேரம் ஆகும். நீ காத்திருக்க வேண்டாம், ஓடி இறங்கி வா.

அப்பா